தம்பி எழுதிய நோட்டீஸ்

பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் பிழை திருத்துவது என் தொழில். என் தம்பி சிங்கப்பூரில் கட்டடங்களின் பிழையைத் திருத்துகிறான். அதாவது, வேலைத்தளத்தில் சூப்பர்வைசர். துணைக் குத்தகைக்காரர்களின் வேலையில் குறை இருந்தால், இன்ன தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று நோட்டீஸ் எழுதுவது அவன் பொறுப்பு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் அக்கரையில் இருக்கலாம்.

சென்ற பள்ளி விடுமுறையில் ஜொகூரிலிருந்து பஸ் ஏறி அவனைப் பார்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. தேக்காவில் கால் வைக்க இடமில்லை. சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எப்படியோ இடம் பிடித்தோம்.

"இங்கிலீசுல எழுத இனிமே பயமில்ல அக்கா" என்று கைத்தொலைபேசியை நீட்டினான். தமிழில் சொன்னால் போதுமாம், செயற்கை நுண்ணறிவு ஆங்கிலக் கடிதமாக்கித் தந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு நோட்டீசுக்கு நள்ளிரவு வரை அகராதியோடு கிடப்பான். அப்படியும் அது திட்டுவதுபோலத்தான் இருக்கும்.

வாசித்தேன். நான்காம் மாடித் தூணின் அடியில் கான்கிரீட் தேன்கூடுபோல் ஓட்டை விழுந்து கம்பி தெரிகிறதாம். மரியாதையான நடை. ஆனால் நடுவே ஒரு வரி: இருமுறை நினைவூட்டியும் நீங்கள் கவனிக்கவில்லை.

"ரெண்டு தடவ சொன்னியா?"

"இல்லக்கா. அதுவாப் போட்டுக்கிச்சு. படிக்க நல்லாத்தானே இருக்கு?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் அப்பா பால்மரம் வெட்டியவர். பட்டையில் காயம் போட்டார் என்று மண்டோர் எழுதிக்கொடுத்த ஒரு வரிக்காகச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த வரியை அவருக்குப் படிக்கத் தெரியாது. எதிர்த்து என்ன பேசுவார்?

தம்பியின் கடிதத்துக்கும் அந்தப் பலம் உண்டு. குறையைச் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து, செலவைக் குத்தகைக்காரர் பில்லில் கழிப்பார்கள். 2004இல் சிங்கப்பூரில் இயற்றிய சட்டப்படி, பணத்தைப் பிடித்தால் காரணத்தை எழுத்தில் காட்ட வேண்டும். அந்த எழுத்திலேயே பொய் புகுந்தால்?

நோட்டீசே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். அதே சாலையில், ஓவன் சாலை முனையில்தான், 1986 மார்ச் 15இல் ஹோட்டல் நியூ வோர்ல்டு இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்து 33 பேர் மாண்டார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கில் சேர்க்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. தூணில் ஓட்டை என்றால் எழுதத்தான் வேண்டும்.

"நீ எதைப் பார்த்த, எங்க பார்த்த, என்னைக்குப் பார்த்த? அது மட்டும் இருக்கட்டும்" என்றேன். முகம் சுருங்கினாலும் உட்கார்ந்து திருத்தினான். மாடி, தூண் எண், தேதி, படம் எல்லாம் ஏறின. 'இருமுறை' போனது. குத்தகைக்காரரின் ஃபோர்மன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரராம். அவருக்காகக் கீழே மூன்று வரி தமிழிலும் எழுதினான்: உதிரும் கான்கிரீட்டைக் கொத்தி எடுங்கள். எஞ்சினியர் பார்த்த பிறகு சுருங்காத கலவை வைத்து அடையுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடியுங்கள்.

அதில் இரண்டு ஒற்றுப்பிழை. சிவப்பு மை கையில் இல்லை. வாயால் சொல்லித் திருத்தினேன்.