தலைப்பாகையோடு போன நாள்

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று பெருமூச்சு விடுவோம். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்போம். மறுநாள் பழையபடியே நடப்போம். தேங்காய் உடைப்பதில் பிழையில்லை. தலைக்கு வந்தது எந்த வழியால் வந்தது என்று பார்க்காமல் விடுவதுதான் பிழை. இளையவர்களுக்கு இதைச் சொல்லும்போது, நம் கடலுக்கு வந்துபோன ஒரு யப்பானியத் தளபதியின் கதையைத்தான் நான் எடுப்பது வழக்கம்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவில் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தவர்களின் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குக் கடிதமும் காசும் வருவது நின்றது. மார்ச்சில் றங்கூனும் போக, பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் யப்பான் கடற்படை இலங்கைக்கே வந்தது. அதை நடத்தி வந்தவர் வைஸ் அட்மிரல் நகுமோ சூயிச்சி.

1887இல் பிறந்த நகுமோ, 1908இல் கடற்படைக் கல்லூரியை முடித்தவர். டோர்பிடோவில் கைதேர்ந்தவர், விமானம் அவருடைய துறையல்ல. ஆனாலும் 1941இல் விமானந்தாங்கிக் கப்பற்படை அவர் கைக்கு வந்தது. அதற்குப் பெருங் காரணம் சேவை மூப்பு. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும் என்ற நம் ஊருக்கு மூப்பால் வரும் பதவி புதிதல்ல. அந்த வருடமே பேர்ள் துறைமுகத்தைத் தாக்கி உலகத்தையே திடுக்கிட வைத்தார்.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலையில் கொழும்பைத் தாக்கிய விமானங்கள் திரும்பின. துறைமுகத்தை மறுபடி அடிக்க, கப்பலில் நின்ற மிச்ச விமானங்களில் தரைக்கான குண்டுகளை ஏற்றச் சொன்னார் நகுமோ. இடையில், கடலில் பிரித்தானியக் கப்பல்கள் தெரிகின்றன என்று வேவு விமானம் அறிவித்தது. குண்டை இறக்கி டோர்பிடோ ஏற்றச் சொன்னார். ஒரே குழப்பம், தாமதம். ஆனால் வேறு விமானங்கள் போய், கோர்ன்வோல், டோசெற்ஷயர் என்ற இரு போர்க்கப்பல்களையும் மூழ்கடித்துவிட்டன. வெற்றி வந்ததால் குழப்பம் மறந்துபோயிற்று.

ஏப்ரல் 9. திருகோணமலையைத் தாக்கினார்கள். மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி மூழ்கியது. அன்றே ஒன்பது பிரித்தானியப் பிளென்ஹெய்ம் விமானங்கள் நகுமோவின் கப்பலான அக்காகியின் மேல் குண்டு போட்டன. குண்டுகள் தண்ணீரில் விழுந்து வெடித்த பிறகுதான் மேலே எதிரி நிற்பது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அந்தக் கப்பல்களில் ராடார் இருக்கவில்லை. ஒரு குண்டும் படவில்லை. வந்த ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. இதுவும் வெற்றிக் கணக்கிலேயே சேர்ந்தது.

சரியாக எட்டு வாரம் கழித்து, யூன் 4, பசிபிக்கில் மிட்வே. அங்கும் டோர்பிடோவை இறக்கிக் குண்டு ஏற்றச் சொன்னார். எதிரிக் கப்பல் தெரிந்ததும் திரும்ப மாற்றச் சொன்னார். அங்கும் மேலிருந்து வந்த விமானங்களை நேரத்தோடு காணவில்லை. இந்த முறை குண்டுகள் தவறவில்லை. இலங்கைக்கு வந்த அக்காகி, சோரியு, ஹிரியு மூன்றும், அவற்றோடு காகாவும் அழிந்தன. அமெரிக்கர் யப்பானின் இரகசியக் குறியீட்டை உடைத்திருந்ததும் ஒரு காரணம். எல்லாப் பழியையும் ஒருவர் தலையில் ஏற்றத் தகாது. ஆனால் இலங்கைக் கடல் இரண்டு குறைகளையும் ஒரு கப்பலும் இழக்காமலே அவருக்குக் காட்டியிருந்தது. 1944 யூலையில் சைப்பன் தீவில் தோல்வியின் விளிம்பில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

தப்பியதைப் பாடமாக எடுக்காத கதையையே நம் கிணறுகளும் சொல்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டு நன்னீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் மழைநீர். அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறும். கோடையில் தண்ணீர் கரிக்கும். மாரி பெய்ததும் பழையபடி இனிக்கும். தப்பினோம் என்று அடுத்த கோடைக்கு இன்னும் பெரிய மெசின் பூட்டுவோம்.

தோற்றவனை ஊரே நிறுத்திக் கேள்வி கேட்கும். வென்றவனை ஒருவரும் கேட்பதில்லை, மாலைதான் போடுவார்கள். ஆகவே அவன் தன்னைத் தானே கேட்க வேண்டும். பரீட்சை பாஸாகிய அன்றும், கடை நட்டத்திலிருந்து மீண்ட அன்றும், மோட்டார் சைக்கிள் மயிரிழையில் தப்பிய அன்றும் இரண்டு கேள்விகள் போதும்: இதில் என் கெட்டித்தனம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு? அதிர்ஷ்டம் இல்லாத நாளில் இதே வேலை எப்படி முடிந்திருக்கும்? பதில் கசக்கும். கசந்தாலும் அன்றைக்கே கேளுங்கள். ஒரு கிழமை போனால் வெற்றி மட்டும்தான் நினைவில் நிற்கும்.