கூடாரத்தில் ஒரு குடித்தனம்

ஐரோப்பாவுக்குச் சென்று வந்தோர் எழுதும் கட்டுரைகளில் ஆல்ப்ஸ் மலையும் வெனிஸ் நகரத்துப் படகுகளும் தவறாமல் இடம்பெறும். அவற்றை நாங்களும் கண்டு களித்தோம். ஆனால் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கு இருபத்திரண்டு நாட்கள் நடத்திய குடித்தனத்தை எண்ணும்போது என் நெஞ்சில் முதலில் நிற்பவை அரிசி, தண்ணீர், எரிவாயு, மின்சாரம் ஆகிய நான்குமே. அவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

தில்லியில் மத்திய அரசு எழுத்தராகப் பணிபுரியும் ஒருவனுக்கு ஐரோப்பா எட்டாக்கனிதான். மியூனிக் நகரில் பொறியாளனாக இருக்கும் என் தம்பி, "ஓட்டலில் தங்கினால்தானே அண்ணா செலவு? வீட்டையே வண்டியில் கொண்டு போவோம். அம்மாவையும் அழைத்து வாருங்கள்" என்றான். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அமைந்த வண்டியை வாடகைக்கு எடுப்பது, ஊருக்கு ஊர் உள்ள முகாம் மைதானங்களில் அதை நிறுத்தித் தங்குவது, இடம் போதாத இரவில் பக்கத்திலேயே ஒரு கூடாரம் அடித்துக்கொள்வது, இதுவே அவன் திட்டம். அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. நாள்தோறும் இருவேளை இன்சுலின் போட்டுக்கொள்பவர். "ஒரு தடவையாவது எல்லோரும் ஒன்றாக இருப்போமே" என்று அவரே சொன்ன பிறகு மறுப்புக்கு இடமேது?

அலுவலகத்தில் வெளிநாடு செல்ல அனுமதி பெற்றேன். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும், அதையும் எடுத்தோம். பாற்பொருள்களை நம்மூரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் எடுத்துச் செல்லலாகாது என்பதால் அம்மாவின் நெய் ஜாடி தில்லியிலேயே தங்கிவிட்டது. பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் வடகமும் விமானம் ஏறின.

அந்தப் பயணத்தில் எல்லாவற்றிற்கும் ஓர் அளவு இருந்தது. ஆட்கள், மூட்டைகள், தண்ணீர் அனைத்தும் சேர்ந்து வண்டியின் எடை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. ஆகவே வழியில் கொஞ்சம் தண்ணீரோடு ஓடி, தங்குமிடத்தில் நிரப்பிக்கொண்டோம். பல மைதானங்களில் பிற்பகல் ஒன்று முதல் மூன்று வரை வாயிற்கம்பம் உயராது. சுமார் 1,370 மீட்டர் உயரமுள்ள பிரென்னர் கணவாயைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கிய அன்று, வாயிலுக்கு வெளியே மர நிழலில் புளியோதரை உண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். இரவு பத்து மணிக்கு மேல் இரைச்சல் கூடாது. வண்டியின் எஞ்சினை ஓட்டவும் கூடாது.

கார்டா ஏரிக் கரையில்தான் சோதனை வந்தது. அன்று சனிக்கிழமை. ஜெர்மனியில் வாங்கிய எரிவாயு உருளை மாலையில் தீர்ந்தது. நாட்டுக்கு நாடு உருளையும் அதன் வாய்ப்பூட்டும் வேறுபடுவதால் அதை இத்தாலியில் மாற்ற இயலவில்லை. மின்சாரக் குக்கரில் சோறு வைத்தோம். பாட்டிக்கு வெந்நீர் வேண்டுமென்று என் மகள் கெட்டிலையும் போட்டாள். எங்களுக்கு அளிக்கப்பட்டது ஆறு ஆம்பியர், அதாவது சுமார் 1,380 வாட். மறுகணமே விளக்கு அணைந்தது. குளிர்சாதனப் பெட்டியும் நின்றது. மின்பெட்டி பூட்டியிருந்தது. மறுநாள் நண்பகலுக்குமுன் மின்பணியாளர் வரமாட்டார் என்று காவலர் சைகையால் தெரிவித்தார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது எஞ்சிய நாட்களுக்கான இன்சுலின். உபயோகத்திலுள்ள பேனா வெளியிலும் சில வாரம் தாங்கும். திறக்காதவற்றை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். காலை வெயில் ஏறினால் வண்டி அடுப்பாகிவிடும். தில்லி மருத்துவரின் சீட்டைக் காட்டி அயல்நாட்டில் புதிதாக வாங்குவதும் எளிதன்று. தம்பி முகம் வெளுத்து நின்றான். பயணத்தை அத்துடன் முடித்துத் திரும்பிவிடலாமா என்று என் மனைவி மெல்லக் கேட்டாள்.

அம்மா மட்டும் இன்சுலின் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வண்டியண்டை சென்றார். அங்கு நெதர்லாந்து நாட்டு முதிய தம்பதியர் தங்கியிருந்தனர். அம்மா பேனாவைக் காட்டினார். அந்த மூதாட்டி உள்ளே போய்த் தம்முடைய பேனாவைக் கொண்டுவந்து காட்டினார்! இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை, வேண்டியும் இருக்கவில்லை. எங்கள் மருந்து அன்றிரவு அவர்கள் குளிர்சாதனப் பெட்டியில், உறைந்துவிடாதபடி பனிக்கட்டி அறைக்கு எட்டத்தில் வைக்கப்பட்டது. எனக்கு உறக்கம் வரவில்லை. "அவளும் தினம் குத்திக்கொள்கிறவள். மருந்தின் அருமை அவளுக்குத் தெரியும். நீ தூங்கப்பா" என்றார் அம்மா.

மறுநாள் மின்சாரம் வந்தது. மருந்தும் திரும்பி வந்தது. பருப்புப்பொடிப் பொட்டலம் ஒன்று அடுத்த வண்டிக்குப் போயிற்று. சோற்றில் பிசைந்து உண்ண வேண்டும் என்பதை அம்மா கையாலேயே விளக்கினார்.

அதற்குப் பின் எங்கள் குடித்தனம் ஒழுங்குபட்டது. ஒவ்வொரு சாதனமும் எத்தனை வாட் இழுக்கும் என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் எழுதிக் கதவில் ஒட்டினான். வெந்நீர் கொதிக்கும்போது குக்கருக்கு ஓய்வு. தண்ணீர் நிரப்புவது மகளின் பொறுப்பு. கழிவுப் பெட்டியைக் காலி செய்வது என்னுடையது. எரிவாயு கிடைக்கும்வரை பொங்கலும் சாம்பார் சாதமுமாக ஒரே பாத்திரச் சமையல்.

இத்தகைய பயணத்துக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: காணும் இடங்களின் பட்டியலைவிட இந்த அளவுகளின் பட்டியலை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், முதியவர்களின் மருந்து எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்கட்டும். தில்லி வீட்டில் அதுவரை அம்மாவின் இன்சுலின் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது என் மனைவி ஒருத்திக்கே தெரியும். திரும்பி வந்தபின் ஒருநாள் இரவு எங்கள் குடியிருப்பில் மின்சாரம் நின்றது. நான் மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் என் மகன் பாட்டியின் மருந்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.