அப்பா வாங்கிய கார்... மகன் ஓட்டும் டாக்ஸி! - யாழ்ப்பாணத்து மோரிஸ் மைனருக்கு வயரிங் வைத்தியம்

யாழ்ப்பாணம் நகரத்துக்குள் நுழைந்தால் கோபுரத்துக்கும் பனைமரத்துக்கும் அடுத்தபடியாகக் கண்ணை இழுப்பவை பழைய கார்கள். மோரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ40, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் என எல்லாமே பிரிட்டனில் பிறந்தவை. வேறு ஊர்களில் இவை கண்காட்சியில் கயிறு கட்டி நிற்கும். இங்கேயோ ஆஸ்பத்திரிக்கு நோயாளியையும் கோயிலுக்குக் கல்யாணப் பெண்ணையும் ஏற்றிப் போகின்றன.

ஆசையால் மட்டும் காப்பாற்றப்பட்ட வண்டிகள் அல்ல இவை. 1970களில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால், இருந்த காரைக் காப்பாற்றுவது தவிர வேறு வழியில்லை. பிறகு யுத்தம் வந்தது. 1990க்குப் பின் பெட்ரோலுக்குத் தடை, டார்ச் லைட் பேட்டரிக்குக்கூடத் தடை. கார்புரேட்டரில் சில துளி பெட்ரோலை விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பேட்டரி செத்துப்போனால் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார்கள். இந்தக் காலத்துக் காரில் கைப்பிடியைச் செருக ஓட்டை எங்கே இருக்கிறது?

கொக்குவில் பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. எழுபதைத் தாண்டிய மெக்கானிக்கின் முன்னால் சாம்பல் நிற மோரிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. ஒற்றைக் கண்ணாடி முகப்பு. 1956க்கு முந்தைய மைனர்களுக்கு முன்கண்ணாடி நடுவில் பிளந்திருக்கும் என்பதால், இது அதற்குப் பிந்தையது. 1995 அக்டோபர் கடைசியில் ஊரே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்த இரவில், பாட்டியையும் இரண்டு குழந்தைகளையும் சுமந்து ஊர்ந்துபோன கார் இது. வாங்கியவர் இப்போது இல்லை. மகன் அதையே வாடகைக்கு ஓட்டுகிறார். வீட்டில் வேறு வருமானம் பெரிதாக இல்லை.

"அண்ணை, லைற் மங்குது. பற்றறி போன மாசம்தான் மாத்தினது. சிக்னல் போட்டா சின்ன லைற்றும் சேர்ந்து மினுங்குது. முந்தநாள் ராத்திரி டாஷ்போர்டுக்குள்ள இருந்து புகை வந்தது. பின்னால பிள்ளையள் இருந்தவை."

"புகை வந்தது எண்டதை முதல்ல சொல்லியிருக்க வேணும், தம்பி" என்கிறார் பெரியவர். உடனே பேட்டரிக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைக்கிறார்.

புகைந்த வயர் ஒன்று கருகிக் கிடக்கிறது. அதைத் துண்டித்து ஒதுக்கிக் கட்டிய பிறகுதான் பேட்டரியை மறுபடி இணைத்து மங்கலுக்குக் காரணம் தேடுகிறார். ஹெட்லைட்டைப் போடச் சொல்லி மீட்டரை வைத்தால் பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல், விளக்கில் 9 வோல்ட்தான். மிச்சம் எங்கே போனது? விளக்கின் கறுப்பு வயருக்கும், பேட்டரியில் பாடியோடு சேரும் முனைக்கும் இடையே மீட்டரை வைக்கிறார். அங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டு காட்டுகிறது.

"எர்த் பிழை. பற்றறியில ஒண்டுமில்லை."

பழைய காரின் கரண்ட் கோளாறுகளில் இதுதான் அதிகம் ஏமாற்றுவது. விளக்குக்குப் போகும் மின்சாரம் காரின் இரும்பு உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்த இணைப்பில் துரு ஏறினால், திரும்ப வழி தேடி அது பக்கத்து விளக்குக்குள் நுழையும். சிக்னல் போட்டால் சின்ன லைட் மினுங்குவது அதனால்தான். மூன்று பக்கமும் உப்புக்காற்று அடிக்கும் குடாநாட்டில் செம்பு பச்சை பூப்பதற்குக் கேட்கவா வேண்டும்! இது தெரியாமல் பேட்டரி மேல் பேட்டரி வாங்கி நஷ்டப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் மங்கல் தீரும். புகை தீராது. அந்தக் காலத்து வயர் ரப்பர் உறையும் அதன்மேல் பின்னிய நூலும் கொண்டது. ரப்பர் காய்ந்து, தொட்டால் காக்காய்ப்பொன் போல உதிர்கிறது. மைனரில் மொத்தமே இரண்டு ஃபியூஸ், ஒவ்வொன்றும் 35 ஆம்பியர். ஹெட்லைட் அந்த இரண்டின் வழியாகவும் போகாது. பேட்டரியிலிருந்து வரும் பழுப்பு வயருக்கும் ஃபியூஸ் கிடையாது, சாவியைக் கையில் எடுத்த பிறகும் அதில் மின்சாரம் இருக்கும். அது உறை கிழிந்து இரும்பில் பட்டால் தடுக்க ஆளில்லை.

மின்கருவிகளைச் செய்த லூகாஸ் நிறுவனத்தை 'இருளின் இளவரசன்' என்று பிரிட்டனில் கிண்டலடிப்பார்கள். அறுபது வருஷம் தாண்டிய வயரை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது கொஞ்சம் அநியாயம். அவர்கள் வைத்த நிற ஒழுங்குதான் இன்றைக்கும் மெக்கானிக்கைக் காப்பாற்றுகிறது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறும். பச்சை, அதே மின்சாரம் ஃபியூஸ் தாண்டி வருவது. நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு சின்ன லைட்டுக்கு, கறுப்பு எர்த்.

அடுத்த வாரம் நல்லூரில் ஒரு கல்யாணத்துக்குக் கார் பேசியாயிற்று. முன்பணம் செலவாகியும் விட்டது. "இப்போதைக்கு டேப் சுத்தித் தாங்கோ அண்ணை" என்கிறார் டிரைவர்.

"சுத்தலாம். பொம்பிளையை ஏத்திக்கொண்டு போகேக்கை புகைஞ்சா என்ன செய்வாய்?"

அதற்கு டிரைவரிடம் பதில் இல்லை. ஆறு நாள் கேட்கிறார் பெரியவர். ஆறு நாள் வாடகை போகும்.

முழு வயர்க் கட்டையும் வெட்டாமல் உருவி, பலகையில் கிடத்தி, கிளை பிரியும் இடத்திலெல்லாம் ஆணி அடிக்கிறார். பழையது போன வழியிலேயே புதியது படுக்கிறது. விளக்குகளுக்கு மெல்லிய வயர், டைனமோவின் சார்ஜ் வருவதற்குத் தடித்த வயர். அதிலே கஞ்சத்தனம் பார்த்தால் மறுபடி புகைதான். இரும்புத் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம். ஹெட்லைட்டுக்குப் புதிதாக ஒரு ஃபியூஸ்.

இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். இன்றைய செல்போன் சார்ஜரும் ரேடியோவும் அதற்கு நேர்மாறானவை, மாற்றிக் கொடுத்தால் கருகும். அசல் அசலாகவே இருக்கட்டும் என்பார்கள் சேகரிப்பாளர்கள். டிரைவருக்கோ வாடகை அழைப்பு வருவதே செல்போனில். பேட்டரி திருப்பப்பட்டது. காயிலின் இரண்டு வயர்களும் இடம் மாறின. டைனமோவின் வயர்களைக் கழற்றி, அதன் 'எஃப்' முனையில் பேட்டரியின் பாசிட்டிவ் வயரை ஒரு கணம் தொட்டு எடுத்தார். சின்னதாக ஒரு பொறி. டைனமோவின் காந்தம் திசை மாறிவிட்டது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஆறாம் நாள் மாலை, பேட்டரியை நேராக இணைக்காமல் நடுவில் ஒரு 21 வாட் பல்பை வைக்கிறார். எங்காவது வயர் இரும்பில் பட்டிருந்தால் பல்பு பளீரென்று எரியும்.

எரிகிறது. டிரைவரின் முகம் விழுந்துவிடுகிறது.

பெரியவர் பச்சை ஃபியூஸைப் பிடுங்குகிறார். எரிகிறது. மற்றதைப் பிடுங்கியதும் அணைகிறது. அந்த வழியில் இருப்பது ஹாரன். ஸ்டீயரிங் தண்டுக்குள் போகும் வயர் ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது. இருபது நிமிஷ வேலை. மறுபடி இணைத்தபோது பல்பு இருட்டாகவே இருக்கிறது. டிரைவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

இருட்டியதும் பண்ணைப் பாலம் வரை ஒரு ஓட்டம். இரண்டு பக்கமும் கடல்நீர், நடுவில் நேரான தார்ச்சாலை, முன்னால் மங்காத இரண்டு வெளிச்சம். சிக்னலில் வண்டி மெதுவாக நின்றபோது சிவப்பு விளக்கு எட்டிப் பார்த்தது. அது கோளாறு இல்லை. டைனமோ மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் கொடுக்காது, அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் பெரியவர் பானட்டைத் திறந்து, வெள்ளைப் பெயிண்டில் உள்பக்கம் எழுதினார்: 'நெகட்டிவ் எர்த். பாத்துக் குடுக்கவும்.' இனி வேறு எந்தக் கராஜில் நின்றாலும், பேட்டரி மாற்றுகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.