சுமையாகாத கண்

நுழையும்முன்

உள்ளே நடப்பதை அறியாமல் எதையும் திருத்த இயலாது. ஆனால், அறிய முயலும் செயலே அறியப்படுவதற்குச் சுமையாகிவிட்டால் என்ன செய்வது? கணினியின் உட்கருவில் எழுந்த இவ்வினாவைத் தம் வகுப்பறை அனுபவத்தோடு இணைத்துப் பார்க்கிறார் ஓர் ஆசிரியர்.

சொல் தேடிச் சென்ற மாலை

பாடநூல் குழுவில் கணினிக் கலைச்சொற்களைச் சரிபார்க்கும் பொறுப்பு ஒருமுறை எனக்கு வந்தது. 'டிரேசிங்' என்னும் சொல்லுக்குப் 'பின்தொடர்தல்', 'கண்காணித்தல்', 'தடமறிதல்' என மூன்று சொற்கள் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. பொருள் அறியாமல் சொல்லைத் தேர்வது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போன்றது. ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டிற்கு இரண்டு தெருக்கள் தள்ளி என் பழைய மாணவி ஒருத்தி வசிக்கிறாள்; இயக்க அமைப்புகளில் பணிபுரிபவள். ஒரு ஞாயிறு மாலை அவளைத் தேடிச் சென்றேன்.

"ஐயா, நம் சந்திப்பில் காவலர் ஒருவர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கினாள். "தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் ஒவ்வொரு வண்டியையும் அவர் நிறுத்துகிறார். எதுவும் கேட்பதில்லை, எதுவும் எழுதுவதில்லை, உடனே அனுப்பிவிடுகிறார். சாலை என்ன ஆகும்?"

"சேலையூர் வரை வண்டிகள் நிற்கும், அம்மா."

"அதுதான் சிக்கல்" என்றாள்.

உட்கருவும் தடமும்

இயக்க அமைப்பின் நடுவே இருப்பது கெர்னல் எனப்படும் உட்கரு. நினைவகத்தைப் பகிர்ந்தளிப்பதும், செயலியில் எந்தப் பணி எப்போது நடக்கவேண்டும் என முடிவு செய்வதும் அதுவே. லினக்ஸ் உட்கருவில் பல்லாயிரக்கணக்கான செயற்கூறுகள் உள்ளன. ஒன்று மற்றொன்றை அழைக்க, அது வேறொன்றை அழைக்க, நொடிக்குள் கணக்கற்ற அழைப்புகள் நிகழ்ந்து முடிகின்றன. எங்கே தாமதம், எங்கே பிழை என்று அறிய, எந்தச் செயற்கூறு எப்போது நடந்தது என்னும் தடம் வேண்டும்.

இதற்காக ஸ்டீவன் ரோஸ்டெட் உருவாக்கிய 'எஃப்டிரேஸ்' என்னும் கருவி 2008ஆம் ஆண்டு லினக்ஸின் 2.6.27ஆம் பதிப்பில் இடம்பெற்றது. நிரல்பெயர்ப்பி ஒவ்வொரு செயற்கூற்றின் வாசலிலும் ஓர் அழைப்பைப் பொருத்திவிடும். அவ்வழைப்பு எதையும் பதியாமல் உடனே திரும்பினாலும்கூட, ஏறத்தாழ 13 விழுக்காடு வேகம் குறைந்தது. சாலையில் நின்ற அந்தக் காவலர் இவரே!

தீர்வு எளிமையானது. தடம் தேவைப்படாதபோது, வாசலில் உள்ள அழைப்பை அழித்துவிட்டு, அவ்விடத்தில் 'ஒன்றும் செய்யாதே' என்னும் வெற்றுக் கட்டளையை எழுதிவைத்தனர். தேவைப்படும்போது, வேண்டிய செயற்கூறுகளில் மட்டும் அழைப்பை மீண்டும் எழுதினர். காவலர் வீட்டிற்குப் போய்விட்டார். அழைத்தால் மட்டும் வருவார். சுமை ஏறக்குறைய மறைந்தது.

எழுதுமுன் பார்

ஆனால், ஓடும் நிரலைத் திருத்தி எழுதுவது ஓடும் வண்டிக்குச் சக்கரம் மாற்றுவதற்கு ஒப்பாகும். அந்த 2.6.27ஆம் பதிப்பு சோதனையில் இருந்தபோது, சில கணினிகளில் இன்டெல் வலையமைப்பு அட்டைகள் செயலற்றுப் போயின. அட்டைக்குள் நிலையாக இருக்கவேண்டிய தகவலே சிதைந்திருந்தது. காரணம் 2008 அக்டோபரில் வெளிப்பட்டது.

அழைப்புகள் இருந்த முகவரிகளைக் கருவி முதலில் குறித்துக்கொள்ளும். பின்னர் வந்து அழிக்கும். இடைப்பட்ட நேரத்தில், வேலை முடிந்த நிரற்பகுதி விடுவிக்கப்பட்டு, அதே முகவரி வலையமைப்பு அட்டைக்கு வழங்கப்பட்டுவிட்டது. குடிமாறிய வீடு என்பதை அறியாமல் கருவி அங்கே சென்றது. 'பழைய அழைப்பு இருந்தால் மட்டும் மாற்று' என்பதே அதற்கு இட்ட கட்டளை. ஆயினும் அக்கட்டளை, ஒப்பீடு பொருந்தாதபோதும் எழுத்துச் செயலை நிகழ்த்தும் இயல்புடையது. அதன்பின் முறை மாற்றப்பட்டது. முகவரிகள் நிரல் பெயர்க்கப்படும்போதே திரட்டப்பட்டன. வெற்றுக் கட்டளைகள் கணினி தொடங்கும்போதே எழுதப்பட்டன.

இத்துறையில் இந்தியர் பங்கும் உண்டு. உட்கருவின் விரும்பிய இடத்தில் சோதனைப் புள்ளி வைக்கும் 'கேபுரோப்ஸ்' என்னும் கருவியின் முதல் வடிவத்தை 2002இல் எழுதியவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் வம்சி கிருஷ்ணா. பவர் வகைச் செயலிகளில் தடமறியும் முறையைச் சீரமைத்ததில் நவீன் ராவ் முதன்மையானவர். தடமறிதலுக்கு வேண்டிய கட்டளைகள் பலவற்றையும் செயற்கூற்றின் வாசலிலேயே வைக்காமல், வாசலில் ஒரே ஒரு வெற்றுக் கட்டளையை விட்டு, மற்றவற்றை வேறிடத்திற்கு மாற்றும் முறை அது. 2024இல் அது உட்கருவில் சேர்க்கப்பட்டது. திண்ணையை வழிப்போக்கருக்கு விட்டு, சாமான்களைப் பின்கட்டில் அடுக்கிய நம் பழைய வீடுகள் நினைவுக்கு வந்தன.

நான் வைத்த ஏடு

அவள் பேசி முடித்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை ஒன்று என்முன் நின்றது. அரையாண்டுத் தேர்வில் என் வகுப்பின் மதிப்பெண்கள் குறைந்தன. ஒவ்வொரு பாடவேளைத் தொடக்கத்திலும், முந்தைய வகுப்பில் கற்றதை மாணவர் அனைவரும் ஓர் ஏட்டில் எழுதவேண்டும் என்றேன். நான் கையொப்பமிடாத நாளிலும் அவர்கள் எழுதினார்கள். நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடம் அதிலேயே கழிந்தது.

கடைசி வரிசையில் ஒரு மாணவன். அவன் ஏடு ஒருநாளும் பிழையாக இருந்ததில்லை. ஒருநாள் ஏடுகள் தலைமையாசிரியர் அறைக்குச் சென்றிருந்தன. வேறு வழியின்றி வரிசைகளிடையே நடந்தேன். அப்போதுதான் கண்டேன். அவன் கரும்பலகையைப் பார்க்கவில்லை. பக்கத்து மாணவனின் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான்.

"ஏன் தம்பி?" என்றேன்.

"பலகையில் உள்ளது தெரியவில்லை, ஐயா."

அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு மூக்குக்கண்ணாடி. நான் திரட்டிய பக்கங்களில் அது எங்கும் பதிவாகவில்லை. ஒரு பருவம் முழுவதையும் அவன் இழந்திருந்தான். அதை நான் திருப்பித் தர இயலவில்லை. அன்றே ஏட்டை நிறுத்தினேன். பின்னர் நாளுக்கு இருவர் அருகில் மட்டும் சென்று அமர்ந்தேன், மற்றவர்களைப் படிக்கவிட்டேன்.

எதையும் தொடர்ந்து பதிந்துகொண்டிருப்பது அறிவதாகாது. தேவையான இடத்தில், தேவையான பொழுதில், நடப்பதைத் தடுக்காமல் பார்ப்பதே அறிதல். பொறியாளர் அதை அளந்து அறிந்தனர்; நான் ஒரு சிறுவனின் இழப்பில் அறிந்தேன்.

மறுநாள் குழுக் கூட்டத்தில் என் தேர்வைச் சொன்னேன். பின்தொடர்பவன் நடப்பவனின் குதிகாலை மிதிக்கக்கூடும். கண்காணிப்பவன் அவனை நிறுத்தக்கூடும். தடம் பார்ப்பவனோ, நடப்பவனை நடக்கவிட்டுத்தான் பார்க்கமுடியும். ஆகவே 'தடமறிதல்' என்றே எழுதினோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ, கவனிக்கும் முறையே சுமையாக மாறிய நிகழ்வு ஒன்றை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'எழுதுமுன் பார்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.