கைக்கும் சாலைக்கும் நடுவே

மார்ச் 8, சனி

லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957இல் லோட்டஸ் செவன் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தபோது பலர் அதை உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டார்கள். அன்றைய பிரிட்டனில் முழு வண்டிக்குக் கொள்முதல் வரி உண்டு; உதிரிகளுக்கு இல்லை. 1973இல் செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது பற்றிய ரான் சாம்பியனின் புத்தகம் 1996இல் வெளிவந்த பிறகு, சதுரக் குழாயை அறுத்து வெல்டிங் வைத்துச் சட்டத்தையே சொந்த ஷெட்டில் கட்டும் பழக்கம் இங்கிலாந்தில் பரவியது. மிட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக் கராஜில் நிற்கும் வண்டியும் அந்த வம்சம்தான். எடை 600 கிலோ. எஞ்சின், ஹப், ஸ்டீயரிங் ரேக், பிரேக் எல்லாம் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றிலிருந்து எடுத்தவை. அது கிட்டத்தட்ட 1,000 கிலோ வண்டி.

தனி வண்டிகளுக்கான அரசு அனுமதி ஆய்வான ஐவிஏவில் தேறி, நம்பர் பிளேட் வாங்கி ஓடும் வண்டிதான் இது. ஆனால் ஓட்டும்போது இரண்டு விஷயம் உறுத்துகிறது. வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் சோம்பலாகத்தான் நேராகிறது. பிரேக்கை ஏறி மிதித்தால்தான் வண்டி நிற்கிறது. இந்த வசந்தத்தில் இரண்டையும் சரிசெய்ய வேண்டும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம், அதற்கு முன்னும் பின்னும் அளவு என்று முடிவு செய்திருக்கிறேன்.

மார்ச் 15, சனி

முதலில் ஆட்டம் எங்கே என்று தேடினேன். முன்சக்கரங்கள் தரையில் நிற்க, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே ரேக்கின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன். சக்கரம் அசையும் முன் ரேக்கே பக்கவாட்டில் நகர்கிறது. அதைப் பிடித்திருப்பது ரப்பர் புஷ். குடும்பக் காரில் சாலை அதிர்வைக் கைக்கு வராமல் தடுக்க அது தேவை. இங்கே அந்த அதிர்வுதான் எனக்கு வேண்டிய செய்தி. ரப்பரை எடுத்துவிட்டு, கடைந்த அலுமினியக் கட்டைகளை வைத்து இறுக்கினேன். ஸ்டீயரிங் தண்டில் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட்கள் இருக்கின்றன. அவற்றின் கவைகள் ஒன்றுக்கொன்று சரியான நிலையில் பூட்டப்படாவிட்டால் ஸ்டீயரிங் ஒரு சுற்றுக்குள்ளேயே வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறித் திரும்பும். அவை சரியாகவே இருந்தன.

அடுத்தது கேஸ்டர். பக்கவாட்டிலிருந்து பார்த்தால், மேல் பால் ஜாயின்ட் கீழ் ஜாயின்ட்டைவிட எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதே அந்தக் கோணம். ஸ்டீயரிங் தானாக நேராவது பெரும்பாலும் அதனால்தான். சக்கரத்தின் அடியில் இரண்டு தரை டைல்களை நடுவே கிரீஸ் தடவி வைத்தேன். சக்கரத்தை 20 பாகை வெளியேயும் 20 பாகை உள்ளேயும் திருப்பி, இரண்டு நிலையிலும் கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்தை, அளந்தேன். வித்தியாசத்தை 1.5ஆல் பெருக்கினால் கேஸ்டர் கிடைக்கும். வித்தியாசம் 2.3 பாகை; அப்படியானால் கேஸ்டர் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. முன்பக்கம் 300 கிலோ மட்டுமே தாங்கும் வண்டிக்கு இது போதாது.

மார்ச் 23, ஞாயிறு

கேஸ்டரைத் தொடும் முன் பம்ப் ஸ்டீயரைப் பார்த்துவிட நினைத்தேன். சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது, நாம் திருப்பாமலே அது கொஞ்சம் திரும்பிக்கொள்வதற்கு அந்தப் பெயர். டை ராடும் விஷ்போன்களும் வரையும் வட்டப் பாதைகள் ஒத்துப்போகாவிட்டால் இது வரும். பள்ளமான சாலையில் வண்டி தானே இழுப்பதாக ஓட்டுபவருக்குத் தோன்றும். பழி அலைன்மென்ட் மேல் விழும்.

ஸ்பிரிங்கைக் கழற்றி, ஹப்பில் ஒரு நேர்ப்பலகையைப் பூட்டி, அதன் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் ஒவ்வொரு டயல் கேஜ் வைத்தேன். ஜாக்கியால் ஹப்பை 10 மி.மீ. 10 மி.மீ.ஆக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு கேஜ்களின் வித்தியாசத்தைக் குறித்தேன். 50 மி.மீ. ஏறுவதற்குள் டோ, அதாவது சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு, 3 மி.மீ. மாறியது. ரேக்கின் அடியில் 3 மி.மீ. ஷிம் கொடுத்ததும் அது அரை மி.மீ.க்குள் அடங்கியது. இன்றைய செலவு ஒரு தகட்டுத் துண்டுதான்.

மார்ச் 29, சனி

மேல் விஷ்போனின் புஷ்களுக்குப் பக்கத்தில் இருந்த வாஷர்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி, மேல் ஜாயின்ட்டைப் பின்னுக்குத் தள்ளினேன். கேஸ்டர் ஐந்தரைக்கு வந்தது. டோவை மீண்டும் சரிபார்த்து, டயரில் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். கனமான காருக்குச் சொல்லும் 30ஐ இந்த எடைக்கு அடித்தால் டயர் வேலையே செய்யாது.

வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் இப்போது உள்ளங்கைக்குள் தானாக ஓடி நேராகிறது. அப்படியானால் கேஸ்டரை எட்டு, ஒன்பது என்று ஏற்றினால் என்ன? அங்கேதான் கவனம் வேண்டும். ஸ்டீயரிங்கை நேராக்க இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. ஒன்று கேஸ்டர் தருவது. அது பக்கவாட்டு விசை இருக்கும்வரை மாறாமல் இழுக்கும். மற்றது டயரே தருவது. தரையைத் தொடும் பரப்பின் நடுவுக்குச் சற்றுப் பின்னால்தான் டயரின் பக்கவாட்டு விசை பிடிக்கிறது. பிடிப்பு எல்லையை நெருங்கும்போது அந்தப் புள்ளி முன்னால் நகர்ந்துவிடும். டயர் தரும் இழுவை குறைந்து ஸ்டீயரிங் இலேசாகும். சக்கரம் வழுக்கும் முன்பே கைக்கு வரும் எச்சரிக்கை அது. கேஸ்டரை அளவுக்கு மீறி ஏற்றினால் அதன் கனத்தில் இந்த மெல்லிய மாற்றம் அமுங்கிப்போகும். ஸ்டீயரிங் கனமாக இருப்பதை ஃபீல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கை உணர வேண்டியது கனத்தை அல்ல, அதில் வரும் மாற்றத்தை.

ஏப்ரல் 5, சனி

இனி பிரேக். பெரிய டிஸ்க், நான்கு பிஸ்டன் காலிப்பர் என்று விலைப்பட்டியலைப் புரட்டத் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. 1,000 கிலோவை நிறுத்திய டிஸ்க்குக்கு 600 கிலோ பெரிய வேலையே இல்லை. காணாமல் போனது கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் சர்வோ. செவன் மாதிரி ஒடுங்கிய மூக்கில் அதற்கு இடமில்லை. ஆனால் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் சர்வோவை நம்பிச் செய்த அதே 22.2 மி.மீ. விட்டத்தில் இருக்கிறது.

கால் 30 கிலோ அழுத்தம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெடலின் நெம்புகோல் விகிதம் 5 என்றால் பிஸ்டனுக்கு 150 கிலோ போகும். 22.2 மி.மீ. சிலிண்டரின் பரப்பு 3.87 சதுர செ.மீ.; அழுத்தம் சதுர செ.மீ.க்கு 39 கிலோ. அதே காலுக்கு 19 மி.மீ. சிலிண்டரில் 53 கிலோ வரும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் லாபம். பதிலுக்குப் பெடல் அதே விகிதத்தில் கூடுதலாக இறங்கும். அந்த இறக்கத்தை நாம் தாங்கலாம், லைனில் காற்று இல்லாவிட்டால். 19 மி.மீ. சிலிண்டரைப் பூட்டி, ரப்பர் ஹோஸ்களுக்குப் பதில் எஃகுப் பின்னல் போட்டவற்றை மாட்டினேன்.

ஏப்ரல் 12, சனி

பிரேக்கில் ஏர் எடுக்கும் நாள். மனைவி சீட்டில், நான் சக்கரத்தடியில். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கினோம்.

“அழுத்தும்மா.”

“அழுத்திட்டேன்.”

“அப்படியே பிடிச்சுக்க.”

நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்ததும் கண்ணாடிக் குழாயில் பொடிக் குமிழிகள் வரிசையாக ஓடின. மூடிய பிறகுதான் காலை எடுக்கச் சொல்ல வேண்டும். முன்னே எடுத்தால் வெளியே போன காற்று திரும்பி வந்துவிடும். கடைசிச் சக்கரம் முடிந்ததும் அவளே சொன்னாள்: “என்னங்க, இப்ப பாதிக்கு மேல இறங்கவே மாட்டேங்குது.”

சொந்தமாகக் கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடது காலிப்பர் வலதுக்கு மாறிவிட்டால் நிப்பிள் அடியில் வந்துவிடும். காற்று மேலேயே தங்கும். எத்தனை லிட்டர் ஊற்றினாலும் பெடல் பஞ்சாகத்தான் இருக்கும். பிரேக் ஆயிலும் முக்கியம். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் இழுத்த பிறகு அதற்கு விதித்திருக்கும் கீழெல்லை 155தான்.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் விடுமுறை. இலேசான வண்டியில் சாதாரண பேட் சூடேறுவதே இல்லை. அதனால் குறைந்த சூட்டிலேயே பிடிக்கும் மின்டெக்ஸ் 1144 போட்டு, பல தடவை மிதமாக மிதித்துப் பதப்படுத்திய பிறகு, ஆளில்லாத தனியார் தார்த்தளம் ஒன்றில் முழுசாக மிதித்துப் பார்த்தேன்.

600 கிலோ முன்னும் பின்னும் பாதிப் பாதி. அச்சுகளுக்கு இடையே 2.3 மீட்டர், எடைமையம் 45 செ.மீ. உயரம் என்றால், 0.9 ஜி வேகத்தடுப்பில் 100 கிலோவுக்கு மேல் முன்னுக்குப் பாயும். முன்னால் 405, பின்னால் 195. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழலும். முன்சக்கரம் பூட்டினால் நேராகச் சறுக்கும், காலை எடுத்தால் மீளும். ஆகவே பின் லைனில் உள்ள அழுத்தக் குறைப்பு வால்வைத் திருகித் திருகி, முன்சக்கரம் மட்டும் ஒரு கணம் முந்திப் பூட்டும் இடத்தில் நிறுத்தி, நட்டை இறுக்கினேன். இப்போது பெடலில் எவ்வளவு அழுத்துகிறேனோ அவ்வளவு நிற்கிறது. ஈர இலைமேல் ஏறியது ஸ்டீயரிங்கில் தெரிகிறது.

பழைய வண்டியிலிருந்து உதிரியை எடுக்கும்போது அந்த வண்டியின் கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குதிரைத்திறனுக்குப் பணம் ஒதுக்கும் முன் கேஸ்டர், பம்ப் ஸ்டீயர், மாஸ்டர் சிலிண்டர் விட்டம், முன்பின் பிரேக் சமநிலை ஆகிய நான்கையும் உங்கள் வண்டியின் எடைக்கு மறுபடி போட்டுப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.