மறையூரில் ஒரு கோடை

பாலக்காட்டில் குடியேறிய நம்மவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. கேரளம் என்றாலே மழையும் குளிர்ச்சியும்தான் என்று சொந்த ஊரில் இருப்பவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பங்குனி பிறந்தபின் இங்கே வந்து பார்த்தால் தெரியும். 2024 ஏப்ரலில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. மலைத்தொடரின் இடைவெளி வழியாகக் கீழைக் காற்று புகுந்து, விட்டுவந்த சமவெளியின் வெயிலை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொட்டுகிறது. "ஊரை விட்டு வந்தோம், ஊர் வெயில் நம்மை விடவில்லை" என்று என் மனைவி சொல்வதுண்டு.

சென்ற சித்திரையில் பத்து நாள் விடுமுறை கிடைத்தது. நீலகிரி, கொடைக்கானல் இரண்டும் கூட்டத்துக்குப் பேர்போனவை. நமது சங்கத்து அன்பர் ஒருவர் இடுக்கி மாவட்டத்து மறையூரைச் சொன்னார். நான்கே அறைகள் கொண்ட சிறு விடுதி ஒன்றின் முகவரியையும் கொடுத்தார். நானும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளுமாகப் புறப்பட்டோம்.

பாலக்காடும் கேரளம், மறையூரும் கேரளம். ஆனால் நேர்வழி தமிழ்நாட்டுக்குள்தான் போகிறது. கொழிஞ்சாம்பாறை கடந்து கோபாலபுரத்தில் எல்லையைத் தாண்டினோம். பொள்ளாச்சியில் காலைப் பலகாரம். உடுமலைப்பேட்டையில் பஸ் மாறித் தெற்கே திரும்பினோம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வழியே செல்லும் இந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக்கு அனுமதி இல்லை; ஆகையால் பொழுதோடு போய்விட வேண்டும். ஒன்பதாறு சோதனைச்சாவடியில் தமிழ்நாட்டு வனத்துறையினர் வண்டியை நிறுத்திப் பார்த்தனர். சின்னாற்றுப் பாலம் கடந்ததும் கேரளத்தார் நிறுத்திப் பார்த்தனர். காடு ஒன்றே, காக்கிச் சட்டைக்காரர் பேசும் மொழி மட்டும் மாறியது.

சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் மலைக்கு மறைவான பகுதி. மேற்கே மூணாறில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும்போது இங்கே மேகம் வெறுமனே தாண்டிப் போகும். முள் மரங்களும் கள்ளியுமாக, இராமநாதபுரத்துப் பொட்டலை மலைச்சரிவில் சாய்த்து வைத்தாற்போல் இருக்கிறது. சாம்பல் நிற மலையணில் இங்கே வாழும் அரிய பிராணி. ஒன்று கிளைக்குக் கிளை தாவி ஓடியதைக் குழந்தைகள் பார்த்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

மறையூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. பகலில் வெயில் இருந்தது. ஆனால் மாலை நான்கு மணிக்குமேல் மலைக்காற்று இறங்கியதும் உடம்பு வேறாகிவிட்டது. ஜீப் ஒன்று பிடித்துக் காந்தல்லூர் செல்லும் பாதையில் சிறிது தூரம் ஏறி விடுதியை அடைந்தோம். ஓடு வேய்ந்த கட்டடம். முன்னே திண்ணை, பின்னே சமையற்கட்டு, சுற்றிலும் கரும்பு.

விடுதிக்காரர் முப்பத்தைந்து வயதினர், தமிழர். அறைக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய் என்றார். பத்து நாள் தங்குகிறோமே என்று வாதாடி 1,200-க்குக் கொண்டுவந்தேன். அப்போது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்? அறைக்குள் போனதும் இன்னொரு குறை கண்டேன். கட்டிலுக்கு அடியில் பூட்டிய தகரப் பெட்டி ஒன்று. சுவரில் மாலையிட்ட ஒரு பெரியவரின் படம். பணம் கொடுத்துத் தங்க வந்தவனுக்கு முன்பின் அறியாதவருடைய பெட்டியும் படமும் எதற்கு? குழந்தைகள் இரவில் பயப்படுவார்கள் என்று காரணமும் சேர்த்துச் சொன்னேன். "மன்னிக்கணும் சார், எடுத்துடறேன்" என்று விடுதிக்காரர் படத்தைக் கழற்றிப் பெட்டியின்மேல் வைத்து இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார்.

சமையல் அவருடைய மனைவி. மேற்பார்வை அவருடைய தாயார். அறுபது வயது கடந்தவர், மெலிந்த உடம்பு. விரல் நுனிகளில் என்றோ ஏறிய கறை இறங்காமல் கறுத்திருந்தது. குழந்தைகளிடம், "என்னை ஆச்சின்னு கூப்பிடுங்க பிள்ளைகளா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அன்று முதல் எங்கள் பிள்ளைகள் எங்களைத் தேடவில்லை.

பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி நேயர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். கேரளத்தில் சந்தனம் தானே வளர்ந்து காடாக நிற்பது இங்கேதான். ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டுக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். சந்தனக் காட்டில் மணம் கமழும் என்று கற்பனை செய்துகொண்டு போகிறவர்கள் ஏமாறுவார்கள். மணம் மரத்தின் வைரத்தில் இருக்கிறது; வெட்டினால்தான் தெரியும். நிற்கும் மரம் வேப்பமரத்தைவிட எளிமையாய் நிற்கிறது.

ஊரையொட்டிய பாறைகள்மேல் முனியறைகள் இருக்கின்றன. பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த பழங்காலத்து ஈமச் சின்னங்கள். முனிவர்கள் தவம் செய்த அறைகள் என்றும், பாண்டவர்கள் மறைந்திருந்த ஊராதலால் மறையூர் என்றும் ஊரார் சொல்லுகிறார்கள். பாம்பாற்றின் கரையில் கோவில்கடவில் தென்காசிநாதர் கோயில் இருக்கிறது. அங்கே காலையில் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு நிற்பது இந்தக் கோடையில் நாங்கள் அடைந்த முதல்தரமான சுகம்.

இந்தப் பாம்பாறு ஒரு விசித்திரமான ஆறு. கேரளத்து ஆறுகள் மேற்கே கடலை நோக்கி ஓடுகையில், கிழக்கே திரும்பும் மூன்று ஆறுகளில் இது ஒன்று; மற்றவை கபினியும் பவானியும். சின்னாற்றோடு கலந்து, எல்லை தாண்டி, அமராவதி என்று பெயர் பெற்று, உடுமலையையும் தாராபுரத்தையும் நனைத்துக் கரூருக்கு அருகே காவிரியில் சேர்ந்துவிடுகிறது. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று பெருங் கிளர்ச்சி நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கன்னியாகுமரி வந்தது, செங்கோட்டை வந்தது, இவை வரவில்லை. மறையூர் அந்தத் தேவிகுளம் தாலுகாவில் அடங்கியது. மனிதர்கள் அங்கேயே தங்கினார்கள்; தண்ணீர் மட்டும் அன்றும் இன்றும் தமிழகத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

வெல்லத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கரும்புக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். கரும்புத் தோகை வேய்ந்த கொட்டகையில் சாறு பிழிந்து, பெரிய கொப்பரையில் காய்ச்சி, சக்கையையே அடுப்புக்கு விறகாக்கி, பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றி, சூடு ஆறுமுன் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். கறுத்த நிறம், உப்புச் சுவை சிறிதும் இல்லை. 2019-இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையாளத்தில் இதற்குச் 'சர்க்கர' என்று பெயர். நம் வீட்டில் சர்க்கரை என்றால் வெள்ளைச் சீனி ஆகிவிட்டது. சர்க்கரைப் பொங்கலில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீனி போட்டு யாரும் சர்க்கரைப் பொங்கல் வைப்பதில்லை அல்லவா?

ஒரு நாள் மூணாறு போய்வந்தோம். நாற்பது கிலோமீட்டர் தொலைவு. இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகள் குட்டிகளோடு மேய்ந்தன. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஆனால் உலகிலேயே மிகுதியான தொகை வாழ்வது கேரளத்து இரவிகுளத்தில். மூணாற்றுக் கடைத்தெருவில் நெரிசல் தாங்க முடியவில்லை. இருட்டுமுன் மறையூருக்கு ஓடிவந்துவிட்டோம்.

அன்றிரவு இளைய பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு மணி இருக்கும். வெந்நீர் கேட்கலாம் என்று சமையற்கட்டுப் பக்கம் போனேன். கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே ஆட்டுக்கல்லுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே பாய் விரித்து ஆச்சி படுத்திருந்தார். தலைமாட்டில் அந்தத் தகரப் பெட்டி. அதன்மேல், பாத்திரங்களுக்கு நடுவே சுவரில் சாத்திவைத்திருந்தது, நான் கழற்றச் சொன்ன படம்.

அடியோசை கேட்டு எழுந்துவிட்டார். நான் ஒன்றும் கேளாமலே அடுப்பைப் பற்றவைத்தார். வந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுக்கும் வெல்லமும் தட்டிப் போட்டுக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, விடியும்வரை கட்டிலருகில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் காய்ச்சல் விட்டது. அப்போதுதான் என் மனைவி கேட்டாள், "இது உங்கள் அறையா அம்மா?" என்று.

"ஆமா தாயி. சீசனுக்குத்தான் விடுறது. ரெண்டு மாசம்."

பிறகு சிறிது சிறிதாகச் சொன்னார். அவருடைய பாட்டனார் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து கங்காணியோடு போடிநாயக்கனூர் வந்து, அங்கிருந்து மலையேறியவர். பூஞ்சாற்று அரசரிடம் மன்றோ துரை 1877-இல் குத்தகை பெற்ற மலைகள் தேயிலைத் தோட்டங்களானது, இப்படி ஏறி வந்தவர்களின் கையால்தான். பாட்டி கொழுந்து பறித்தார், தாய் பறித்தார், பதினெட்டு வயதிலிருந்து இவரும் பறித்தார். மூன்று தலைமுறையும் வாழ்ந்தது லயத்தில். ஓர் அறை, ஒரு சமையலிடம், பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே கேட்கும் ஒரு சுவர். வேலை இருக்கும்வரை லயம். ஓய்வு பெற்றால், வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை செய்யாவிடில், காலி செய்ய வேண்டும். அவருடைய கணவர் ஓய்வு பெறுமுன்பே லயத்தில் இறந்துபோனார்.

"சாமான எங்க இறக்குறதுன்னு தெரியாம நின்னோம் தம்பி. கயத்தாத்துல எங்கள யாருக்குத் தெரியும்? இங்க பிறந்தோம், ஆனா இடம்னு ஒண்ணும் கிடையாது."

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தாங்களே தெருவில் அமர்ந்து போராடினார்களே, அதில் ஆச்சியும் இருந்தார். அப்போது நாட்கூலி 232 ரூபாய். அதன்பின் 301 ஆயிற்று. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அந்த ஆண்டுதான் மகன் ஒரு முடிவுக்கு வந்தாராம். தாயின் பணிக்கொடையும் நகைகளும் பாங்குக் கடனுமாகச் சேர்த்து இந்த இடத்தை வாங்கி நான்கு அறை கட்டினார்கள். மூன்று விருந்தினருக்கு, ஒன்று ஆச்சிக்கு. கணவரின் படத்தை மாட்ட ஆணி அடித்தது அந்த ஒரு சுவரில்தான். வாழ்க்கையில் முதன்முதலாக யாரையும் கேளாமல் அவர் அடித்த ஆணி அது.

கடன் தவணை அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. பங்குனி, சித்திரை, வைகாசியில் நான்கு அறையும் நிரம்பினால்தான் ஆண்டுத் தவணை கட்ட முடிகிறது. துருக்கி நாட்டுக் கடற்கரை ஊர்களிலும் கோடையில் வீட்டார் தம் அறைகளைப் பயணிகளுக்கு விடுவதுண்டு; அங்கே அதைப் பன்சியோன் என்கிறார்கள். கேரளத்தில் 'ஹோம் ஸ்டே' என்று பலகை மாட்டுகிறார்கள். பலகையில் உள்ளது விருந்தினருக்குத் தெரியும். வீட்டார் அன்றிரவு எங்கே படுக்கிறார்கள் என்பது தெரியாது.

அறையை ஒழித்துத் தருகிறோம், நாங்கள் திண்ணையில் படுத்துக்கொள்கிறோம் என்றோம். ஆச்சி கேட்கவில்லை. "பணம் கொடுத்துட்டுத் திண்ணையில படுப்பீங்களா? ஊர்ல என்ன சொல்லுவாங்க? மழை பிடிச்சா யாரும் வரமாட்டாங்க. ஆனியில நான் போய்ப் படுத்துக்குவேன்."

என் மனைவி வேறொன்று செய்தாள். சமையற்கட்டுக்குப் போய்ப் படத்தை எடுத்து வந்து, துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். குழந்தைகள் பயப்படவில்லை. இளையவள், "இவர் யார் ஆச்சி?" என்றாள். "உங்க தாத்தா" என்றார். மறுநாள் முதல் காலையில் ஆச்சி ஒரு பூவோடு வருவார்; கதவைத் தட்டிவிட்டு வெளியில் நிற்பார்; நாங்கள் அழைத்த பின்புதான் உள்ளே வருவார். தம்முடைய அறைக்குள்.

கடைசி நாள் கணக்குத் தீர்க்கையில் நாளொன்றுக்கு 1,500 வீதம் எண்ணி வைத்தேன். விடுதிக்காரர் பேசிய தொகையை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். வற்புறுத்தினேன். "பேசினது பேசினதுதான் சார்" என்றார். ஆச்சி குழந்தைகளுக்கென்று இரண்டு கிலோ வெல்லம் கட்டிக்கொடுத்தார். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

ஜீப்பில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. குடும்பத் தலைவர் திண்ணையில் நின்று வாடகையைக் குறைத்துப் பேசத் தொடங்கினார். விடுதிக்காரரின் மனைவி அறையைக் கூட்டிவிட்டு, படுக்கை விரிப்பை மாற்றினார். ஆச்சி உள்ளே போய்ப் படத்தைக் கழற்றி, முந்தானையால் ஒருமுறை துடைத்து, சமையற்கட்டுப் பக்கம் எடுத்துக்கொண்டு போனார்.