எங்கள் ஊரின் வரலாறும் வசதிகளும்

எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு கட்டுரை எழுதப் பணித்திருந்தார்கள். தலைப்பு, ‘எங்கள் ஊரின் வரலாறும் வசதிகளும்’. நாங்கள் குடியிருப்பது கும்மிடிப்பூண்டியில். அங்குள்ள தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் நான் மேற்பார்வையாளர். “தொழிற்பேட்டையைப் பற்றி என்ன எழுதுவது அப்பா? ஆயா ஊரைப் பற்றி எழுதுகிறேன்” என்றாள். கல்லறைத் திருநாளும் நெருங்கியிருந்தது. நவம்பர் முதல் நாள் மாலை ரயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு சேர்ந்தோம்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் ஊரைச் சுற்றிக் காட்டினேன். மகிமை மாதா ஆலயத்திலிருந்தே தொடங்கினோம். போர்த்துக்கீசியர் 1515இல் இங்கே மாதாவுக்கு ஆலயம் எழுப்பினர் என்பது திருத்தல வரலாறு. நம் உயர்மறைமாவட்டத்தின் மிகப் பழைய ஆலயங்களுள் ஒன்று இது. போர்த்துக்கீசியருக்குப் பின் டச்சுக்காரர் வந்தனர். 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிபத்துக்கு இந்தச் சிற்றூரே தலைமையிடம். இங்கிருந்து கப்பலேறிய பருத்தித் துணிகளைக் கொடுத்து, இந்தோனேசியத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதர் மண்டிய மேடும் அகழியுமே எஞ்சியுள்ளன.

வசதிகளையும் மகள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். அரசு மேல்நிலைப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், மீன் சந்தை, ஏரியைக் கடந்து கலங்கரை விளக்கத்துக்குச் செல்லும் பாலம். பனையோலையில் கூடை முடையும் இஸ்லாமியப் பெண்களைப் பற்றியும் எழுதினாள். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் ஏரிக்குள் இறாலும் மீனும் வருவது குறைந்துவிடும் என்பதையும் எழுதச் சொன்னேன். “அது வசதி இல்லையே அப்பா” என்றாள். உண்மைதான்.

இறுதியாக டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கும். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள். வணிகர், அதிகாரிகள், அவர்தம் மனைவியர், குழந்தைகள். பெயரும் நாளும் குலச்சின்னமும் கருங்கல்லில் இன்றும் தெளிவாக உள்ளன. மகள் ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் நான் படித்தறிந்த ஒன்றைச் சொன்னேன். இந்தத் துறையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் இக்கரையை வாட்டியபோது, பசி தாங்காமல் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்கள் உண்டு. பிடித்து வரப்பட்டு விற்கப்பட்டவர்களும் உண்டு. அவர்களை டச்சுக் கம்பெனியார் அடிமைகளாக விலைக்கு வாங்கி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்கு ஏற்றிச் சென்றனர். அப்படிப் போனவர் பல்லாயிரம் பேர். தம் நாட்டின் அடிமை வாணிபத்துக்காக நெதர்லாந்து மன்னர் 2023 ஜூலை முதல் நாளன்று மன்னிப்புக் கேட்டார்.

மகள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “அவர்களுடைய கல்லறை எங்கே இருக்கிறது அப்பா?” என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

மாலையில் எங்கள் கல்லறைத் தோட்டம் மெழுகுவத்திகளால் ஒளிர்ந்தது. என் தந்தைக்கு அங்கே கல்லறை கிடையாது. நான் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. ஆண்டுதோறும் அம்மா மதிலோரமாக வெறுந்தரையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, அவர் பெயரைச் சொல்லிச் செபிப்பார்கள். சிறுவனாக இருந்தபோது எனக்கு அது வெட்கமாக இருந்தது. மற்றவர்களுக்குக் கல்லும் சிலுவையும் இருக்க, நமக்கு மட்டும் வெறுந்தரையா என்று தோன்றும்.

அன்று மகள் அம்மாவிடம் தன் கேள்வியை மீண்டும் கேட்டாள். அம்மா பையிலிருந்து இன்னொரு மெழுகுவத்தியை எடுத்தார்கள். “தாத்தா பக்கத்திலேயே இதையும் ஏத்து கண்ணு. அவங்களும் நம்ம கரையிலேருந்து கடலுக்குப் போனவங்கதானே” என்றார்கள்.

“பேர் தெரியாதே ஆயா?”

“நமக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியாதா?”

காற்றில் இருமுறை அணைந்தது. மூன்றாம் முறை மகள் உள்ளங்கையால் மறைத்துப் பிடித்து ஏற்றினாள்.

திங்களன்று வேலைக்குத் திரும்பினேன். எங்கள் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். வாயிலில் வருகைப் பதிவு எண்ணைக் கொண்டுதான். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று கூப்பிடுவது என் வழக்கம். அவர்கள் அடிமைகள் அல்லர், கூலி பெறுகிறார்கள், விரும்பினால் ஊர் திரும்பலாம். அதை நான் அறிவேன். ஆயினும், மூன்று ஆண்டுகளாக என் கீழ் வேலை செய்யும் ஒருவருடைய பெயர் எனக்குத் தெரியாது என்பது அன்றுதான் உறைத்தது. சென்ற கோடையில் காய்ச்சலில் படுத்தவரை அவருடைய தோழர்கள் சுமந்துகொண்டு போனபோதும், ‘நாற்பத்தெட்டு விடுப்பு’ என்றே எழுதியிருந்தேன்.

அன்று காலை நாற்பத்தெட்டை நிறுத்தி, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பெயர் கேட்டேன். ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று எண்ணினார் போலும், முகம் வெளிறிற்று. சும்மா கேட்கிறேன் என்று புரியவைக்கச் சற்று நேரமாயிற்று. பின்பு சொன்னார். நான் சரியாக உச்சரிக்கும் வரை இருமுறை திருத்தினார்.

பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் பெயரை எழுதினேன். இன்னும் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள்.